நடுவிலேயே நின்ற முள்

எங்கள் கார் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய மாதங்கள் சில உண்டு. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அந்த மாதங்களில்தான் அதன் இன்ஜின் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவர் என் கணவர்.

அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கருவிப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஆலைக்குள் சூடு, அழுத்தம், காற்று என்று எதையெல்லாம் அளக்கிறார்களோ, அந்தச் சென்சார்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற பிரிவு அது. அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் போன் செய்து "சூடு ஏறுது" என்றால், இவர்கள் சந்தேகப்படுவது சூட்டை அல்ல, சென்சாரை. சுண்ணாம்புத் தூசியிலும் அனலிலும் கிடந்து கிடந்து அது உளற ஆரம்பித்திருக்கும் என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். அதைக் கழற்றிப் பார்க்கும்வரை, சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கிற சூளையை நிறுத்த முடியாது. ஆகவே சென்சாருக்குப் பதிலாக இவர்களே ஒரு அளவை வயரில் கொடுத்துவிடுவார்கள். கணினி அதை நம்பிக்கொண்டு சூளையை ஓட்டும். பெரிய ரிப்பேர் எல்லாம், ஆலையை மொத்தமாக நிறுத்திவைக்கும் வருடாந்திர ஷட்டவுனுக்குத் தள்ளிப்போகும்.

இதில் ஒரு ஒழுங்கும் உண்டு. பொய் அளவு கொடுத்த இடத்தில் ஒரு சிவப்பு அட்டை மாட்டவேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம், "இது நாங்க குடுத்தது, நம்பாத" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். கல்யாணமான புதிதில் அவர் இதைச் சொன்னபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பொய் சொல்வதிலும் இத்தனை யோக்கியமா என்று வியந்தேன். அந்த யோக்கியம் ஆலையின் கேட்டோடு முடிந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை.

நான் அறிவியல் ஆசிரியை. அரியலூரிலேயே வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது, கலந்தாய்வில் எனக்குக் கிடைத்தது பூலாம்பாடிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரும்பாவூர், அதற்கும் அப்பால். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏறி இறங்கவேண்டும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததும் தானாகத் தவறிவிடும்.

எங்கள் ஆசிரியைகள் மத்தியில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தூரத்தில் பதவி உயர்வு வந்தால் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவது. எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை, பதவியை வாங்கிக்கொண்டு வருகிறவளுக்குக் கிடைக்காது. "குடும்பத்துக்காக விட்டுட்டா" என்று விசேஷ வீடுகளில் பேசுவார்கள். அதே தூரத்துக்கு ஒரு ஆண் பதவி உயர்வில் போனால், "உழைச்சு மேல வந்தான்" என்பார்கள். சேர்ந்த பிறகும் வழி அடைபடுவதில்லை. பழைய வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்கள், அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் மாமியாரும் அதைத்தான் சொன்னார். "எழுதிக் குடுத்துடும்மா. எச்.எம். ஆயி என்னத்தக் காணப்போற? வூட்டுக்கு வர்றதுக்கே விளக்கு வைக்கிற நேரமாயிடும்."

"போயித்தான் பார்க்கிறேனே, அத்தை."

கணவர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "வண்டி இருக்குல்ல. போ."

அந்த வண்டியைத்தான் சொல்லவேண்டும். நாங்கள் வாங்கும்போதே அது இரண்டு கை மாறியிருந்தது. ஏசி எப்போதோ செத்துவிட்டது. பின்கதவு ஒன்று வெளியிலிருந்து மட்டும் திறக்கும். வாங்கிய வாரமே கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். பூஜை முடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மாலையோடு தள்ளினோம். ஆனாலும் எனக்கு அந்தக் காரின்மேல் கொள்ளைப் பிரியம். நாற்பதைத் தாண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, எனக்கென்று கிடைத்த வண்டி அது. பெரம்பலூர் ரோட்டில் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு தனியாகப் போகும்போது, நான் யாருக்கும் சாம்பார் வைக்கவேண்டியதில்லை, யார் வீட்டுக்கும் மருமகள் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே பள்ளி என்னைப் பிடித்துக்கொண்டது. மலையோரத்துப் பிள்ளைகள், வெங்காயம் பிடுங்கும் நாளில் பாதி வகுப்பு காலியாகிவிடும். நான் போய் வெங்காயக் காட்டிலிருந்தே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவேன், அம்மாக்கள் என்னைத் திட்டுவார்கள், மறுநாள் அவர்களே ஒரு பை சின்ன வெங்காயம் கொடுத்தனுப்புவார்கள். இத்தனை வருட வேலையில் நான் சொன்னால் ஒன்று நடக்கும் என்ற ருசியை அங்கேதான் கண்டேன். பெரம்பலூரில் குடியிருக்கும் கணக்கு டீச்சர் தினமும் என்னோடு காரில் வருவார். ஏறியதும் இட்லி சாப்பிடுவார், அரும்பாவூர் வருவதற்குள் தூங்கிவிடுவார். நல்ல துணை.

தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வண்டி சூடாக ஆரம்பித்தது. சூட்டைக் காட்டும் முள் எப்போதும் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அது மெல்ல மேலே ஏறும். முன்னால் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். ஓரமாக நிறுத்திவிட்டு ஆலைக்குப் போன் செய்வேன்.

"என்னங்க, முள்ளு மேல போவுது."

"எவ்வளவு?"

"முக்காலுக்கு வந்துடுச்சு."

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுது, கத்துது."

"அப்ப ஒண்ணும் ஆவாது. கொஞ்ச நேரம் நிறுத்திட்டு மெதுவா வா."

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்வேன்: "இதோட என்னால முடியாது. பழைய பள்ளிக்கூடத்துக்கே போறேன்னு எழுதிக் குடுத்துடுறேன்." மாமியாரின் முகம் மலரும். அன்றைக்கு என் காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடவே விழும். கணவர் சாவியை எடுத்துக்கொண்டு கார் நிற்கும் கொட்டகைக்குப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இன்ஜினிலிருந்து அந்தச் சூடு சென்சாரைக் கழற்றிக்கொண்டு நேராக என் சமையலறைக்குள் வந்தார். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத பித்தளைச் சாமான். என் பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் சென்சாரை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் இறக்கினார். சென்சாரின் வயர், மின்தடை அளக்கும் மீட்டருக்குப் போயிற்று. தண்ணீர் சூடேறச் சூடேறக் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்.

"என்னடா அது, சுண்டக் காய்ச்சுற?" என்று மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"சென்சாரும்மா."

"அதுல உப்புப் போட்டியா?"

அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம், "வண்டில கோளாறு இல்ல. சென்சார்தான் கொஞ்சம் கூடச் சொல்லுது" என்றார். குரலில் அத்தனை நிம்மதி. ஆலையில் நூறு தடவை சொல்லிப் பழகிய வாக்கியம், வீட்டிலும் பலித்துவிட்டது. சாயந்தரம்வரை ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னவோ செய்தார். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "சரி பண்ணிட்டேன்" என்றார். பால் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கவேண்டியிருந்த கோபத்தில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து முள் நடுவில் நின்றது. வெயிலில் நின்றது, மேட்டில் நின்றது, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு நெரிசலிலும் நின்றது. ஃபேன் கத்துவதும் அடங்கிவிட்டது. எப்போதாவது முள் ஒரு நூல் மேலே போனால் சாயந்தரம் சொல்வேன். அவர் கொட்டகைக்குப் போய்விட்டு வருவார். மறுநாள் காலை முள் நல்ல பிள்ளையாக இடத்துக்கு வந்திருக்கும். நான் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். "எங்க வீட்டுக்காரருக்கு மெக்கானிக்கே தேவையில்ல, டீச்சர். அடுப்பில வச்சே சரி பண்ணிடுவாரு." கணக்கு டீச்சரின் கணவருக்குப் பல்பு மாற்றத் தெரியாது. அந்த வாரம் அவர்கள் வீட்டில் என் புண்ணியத்தில் சண்டை நடந்தது.

இரண்டு சின்ன விஷயங்கள் மட்டும் உறுத்தின. பெட்ரோல் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. கொட்டகைச் சுவரில், புகைக்குழாய்க்கு நேராக, கரிக்கோடு ஒன்று விழுந்திருந்தது. கேட்டேன். "வயசாவுதுல்ல, சாப்பிடத்தான் செய்யும்" என்றார். என் மாமியாரைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொல்வார் என்பதால் நம்பினேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. சொம்பில் எங்கள் வீட்டு போர்த் தண்ணீரைப் பிடித்து, மூடியைத் திறந்து, குறைந்ததை நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவேன். எங்கள் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அரியலூரில் யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டித்தான் இத்தனை சிமென்ட் ஆலைகள் பிழைக்கின்றன. வெந்நீர் போடும் பாத்திரத்தில் மாதம் ஒரு முறை வெள்ளைப் பொருக்கைக் கரண்டிக் காம்பால் பெயர்ப்பேன். குழாய் வாய் அடைத்துக்கொள்ளும், ஊசியால் குத்துவேன். பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் கடின நீர்ப் பாடம் நடத்துகிறவளும் நான்தான். கொதிக்கவைத்தால் உப்புகள் பாத்திரத்தில் படியும் என்று கரும்பலகையில் படம் போட்டு, பாத்திரத்துக்குக் காது எல்லாம் வரைந்து காட்டுவேன். அந்தப் பாத்திரத்துக்கும் காலையில் நான் சொம்போடு நிற்கிற ரேடியேட்டருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அது பாடம், இது வண்டி.

பங்குனி வெயில். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அரும்பாவூர் தாண்டிச் சற்றுத் தூரத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஒன்றின் இழுவைப் பெட்டி அச்சு முறிந்து ரோட்டின் பாதியை அடைத்துவிட்டது. பின்னால் எல்லோரும் ஊர்ந்தோம். நின்றோம், ஊர்ந்தோம், நின்றோம். நான் முள்ளைப் பார்த்தேன். நடுவில் இருந்தது.

கணக்கு டீச்சர் தூக்கத்திலிருந்து விழித்தார். "டீச்சர், சோளக்கருது வேவுற மாதிரி வாசனை வருதே?"

"பக்கத்துல எங்கயாவது வேக வைப்பாங்க."

"இல்ல டீச்சர், இங்கதான் வருது."

"முள்ளு நடுவுலதான இருக்கு, பாருங்க."

அவரும் எட்டிப் பார்த்தார். நடுவில்தான் இருந்தது. கணக்கு ஆசிரியை, அளவு சரியாக இருந்தால் அவருக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. சற்று நேரத்தில் பானெட்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது.

"புகையா டீச்சர்?"

"தூசி. டிராக்டர்லேருந்து வருது."

"டிராக்டர் நிக்குதே டீச்சர்?"

"முள்ளு நடுவுலதான் இருக்கு" என்று மறுபடியும் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். இரண்டு பட்டதாரிகள், பட்டப்பகலில், கண்ணுக்கு முன்னால் ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டே, வரவில்லை என்று முடிவு கட்டி இன்னும் கொஞ்சம் ஊர்ந்தோம். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. முள் அப்போதும் நடுவில் இருந்தது.

வயலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள்தான் முதலில் கத்தினார்கள். "ஏ, வண்டி பொங்குது, எறங்குங்க, எறங்குங்க!" முன்னால் நின்ற டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து "பொங்கலோ பொங்கல்" என்றார். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், எனக்கு அழுகை வந்தது. ஒரு பெண் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், இன்னொருவர் "இப்ப ஊத்தக் கூடாதுடி, வெடிச்சிடும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

கணக்கு டீச்சரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு டிராக்டரில் கயிறு கட்டி, காரைப் பெரம்பலூரில் ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் வாயாடி. ரேடியேட்டரைக் கழற்றிக் குழாயில் ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது.

"என்ன டீச்சர், உள்ள சுண்ணாம்புக் காளவாயே வச்சிருக்கீங்க? எந்த ஊருத் தண்ணி?"

"அரியலூர்" என்றேன். கரும்பலகையில் நான் காது வைத்து வரைந்த பாத்திரம் ஞாபகம் வந்தது.

"இது அடைச்சுதான் சூடு ஏறியிருக்கு. ஆனா முள்ளு காட்டியிருக்கணுமே? பார்க்காம ஓட்டுனீங்களா?"

"பார்த்துக்கிட்டேதான் வந்தேன். நடுவுலதான் இருந்துச்சு."

பெண் டிரைவர் சொல்வதை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்பிவிட்டு, அவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். "இதென்ன, பழைய ரேடியோத் திருகு மாதிரி இருக்கு? முன்னாடி வச்சிருந்தவன் பாட்டுக்கு வால்யூம் வச்சிருப்பான் போல." சாவியைப் போட்டுவிட்டு அதைத் திருகினார். பாட்டு வரவில்லை. முள் ஏறியது. மறுபக்கம் திருகினார், இறங்கியது. அவருக்குக் குஷி தாங்கவில்லை. "டீச்சர், இங்க பாருங்க. வண்டிக்கு எவ்வளவு ஜுரம் வேணும்னு நாமளே வச்சுக்கலாம் போலருக்கு!"

நான் முள்ளைப் பார்க்கவில்லை. திருகிலிருந்து போன வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வயரின் முனையிலும் நெல்மணி அளவு வெள்ளை வளையம் போட்டு அதில் எண் போட்டிருந்தது. பின்னி முடிந்து, ஓரம் சேர்த்துக் கட்டி, பள்ளிக்கூடத்துப் பெண்ணின் ஜடை மாதிரி. ஒரு வயருக்கு எண் போடாமல் விட்டால் தூக்கம் வராத ஆசாமி ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியை என்பது அப்போது கொஞ்சம் உதவியது. அந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறைகிற வகை. அதன் வயரில் இன்னொரு தடையைச் சேர்த்தால், தண்ணீர் கொதித்தாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று காரின் கணினி நம்பும். முள்ளை நடுவில் வைக்கும். ஃபேனைப் போடாது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை வேறு தாராளமாக ஊற்றும். நான் ஒவ்வொரு முறை புகார் சொன்னபோதும் அவர் கொட்டகையில் செய்தது என்ன என்பது விளங்கிவிட்டது. அவர் ரிப்பேர் பார்த்தது வண்டியை அல்ல, என்னை.

இன்ஜினின் தலைப்பகுதி வளைந்துவிட்டது, லேத்துக்கு அனுப்பவேண்டும், நாளாகும் என்றார் பட்டறைக்காரர். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் கணவரிடம் கேட்கவேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுக்காமலேயே கேட்டேன்.

"ஸ்டியரிங்குக்கு அடியில அந்தத் திருகு எதுக்கு?"

முகத்தில் தண்ணீரோடு நின்றார். "சென்சார் கொஞ்சம் கூடச் சொல்லுச்சு, அதுக்குத்தான் ஒரு சின்ன..."

"அது மொத நாளு. அப்புறம் நான் சொல்றப்பல்லாம்?"

"சொல்றப்பல்லாம் கொஞ்சம் திருப்புனேன்."

"அப்ப சூடு நெசந்தான்னு தெரியும் உங்களுக்கு."

"ரேடியேட்டர்னு போவப் போவத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

அவர் துண்டைத் தானே எடுத்துத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். "அதக் கழட்டுனா வண்டி நிக்கும். மே மாசம் பள்ளிக்கூட லீவு வரும்ல, அப்ப எடுத்துப் பார்த்துக்கலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிடலாம்னு..."

ஷட்டவுன். என்னையும் ஒரு சூளையாக்கி, வருடாந்திர ஷட்டவுனுக்குத் தள்ளிவைத்திருக்கிறார். "பிளான்ட்டுல சிவப்பு அட்டை மாட்டுவீங்கல்ல? அடுத்த ஆளுக்கிட்ட சொல்லிட்டுத்தான போவீங்க? எனக்கு ஏன் சொல்லல? நடு ரோட்டுல ஆவி பறக்குது, நான் முள்ளு நடுவுல இருக்குன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"சொன்னா நீ பயந்துருப்ப."

"பயந்திருப்பேன். பயந்துகிட்டே போயிருப்பேன். கூட ரெண்டு கேன் தண்ணி எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வண்டி நின்னா நீ பஸ்ஸுல போவணும். பஸ்ஸுல போனா ஒரே வாரத்துல எழுதிக் குடுத்துருவ. தெனம் நீதான சொன்ன? நீ எச்.எம்.மா இருக்கிறது எனக்கு எவ்வளவு..." அதற்குமேல் அவருக்கு வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதே அன்றைக்குத்தான்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அதான் அன்னைக்கே சொன்னேன், எழுதிக் குடுத்துடும்மான்னு."

வீட்டுக்குள் நுழையும்போது வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று நான் ஒரு நாளும் மனசாரச் சொன்னதில்லை. களைத்து வந்த வாய்க்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். காபி கொடுங்கள் என்று கேட்பதற்குப் பதில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளியை விட்டு என்னை யாராலும் கிளப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும், வெங்காயக் காட்டு அம்மாக்களுக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. எது அளவு காட்டினாலும் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர், நான் சொன்னதை மட்டும் ஒரு வார்த்தை சந்தேகிக்காமல் நம்பியிருக்கிறார். நம்பி, தனியாகப் பயந்து, இத்தனை மாதமாக இருட்டில் குனிந்து ஒரு திருகைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினேன். அவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றோம். சிமென்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டீ வாங்கித் தரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் குடுத்துட மாட்டியே?"

"மாட்டேன்" என்றேன். அவரிடம் அந்த வார்த்தையை அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.